நிறுத்திய மாத்திரை

எங்கள் டேட்டாபேஸைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. என் மனைவிகூடக் கேலி செய்வாள். "உங்களத் திட்டினா சும்மா இருப்பீங்க, அதத் திட்டினா மட்டும் மூஞ்சி சிவந்துடும்" என்பாள். உண்மைதான். அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்திருக்கிறேன். உங்கள் விசாரணை அறிக்கையின் வரைவைப் படித்தேன். பொறுமையாக, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஓர் இடம் மட்டும் தவறு. அதைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். எனக்கு அவசரமில்லை, நீங்கள் டீயைக் குடித்துவிட்டே கேளுங்கள்.

எங்கள் கம்பெனியின் வேலை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கு நாங்கள் மாத்திரைப் பெட்டி கொடுக்கிறோம். அதில் மாத்திரைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன அறைகள். மருந்துக் கடைக்காரர் மாதம் ஒருமுறை வந்து நிரப்பிவிட்டுப் போவார். நேரம் வந்ததும் அந்த வேளைக்குரிய அறைகள் மட்டும் திறக்கும், "மாத்திரை போடுங்க" என்று ஒரு பெண் குரல் சொல்லும். எதைத் திறப்பது, எதைப் பூட்டி வைப்பது என்பது டாக்டர் கொடுக்கும் பட்டியலைப் பொறுத்தது. டாக்டர் நிறுத்திய மாத்திரை, அடுத்த முறை நிரப்ப வரும்வரை பூட்டிய அறைக்குள்ளேயே கிடக்கும். அந்தப் பட்டியல்கள் இருப்பது எங்கள் டேட்டாபேஸில். அதைப் பார்த்துக்கொள்வது நான்.

முன்பு ஒரே ஒரு பெரிய மெஷின் இருந்தது. அது படுத்தால் ஊரே படுத்துவிடும். நான் வந்த பிறகுதான் முதலாளியோடு மல்லுக்கட்டி இந்தப் புதிய டேட்டாபேஸைக் கொண்டுவந்தேன். இதில் ஒவ்வொரு பட்டியலும் மூன்று மெஷின்களில் இருக்கும். ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் வேலையைத் தூக்கிச் சுமக்கும். வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று படுத்ததே தெரியாது. கூட்டுக் குடும்பத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அடுப்பு அணைந்துவிடுமா என்ன? அதற்கு முன்னால் மாதத்துக்கு இரண்டு முறையாவது முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவன் நான். அதன் பிறகு வரவேற்பறைச் சுவரில் ஒரு பலகை மாட்டினார்கள். சேவை ஒரு நொடிகூட நிற்காமல் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று அதில் இருக்கும். காலையில் வரவேற்பறை அம்மா அந்த எண்ணை மாற்றும்போது நான் அங்கேதான் நிற்பேன். பிள்ளை ஒவ்வொரு வகுப்பாகத் தேறுவதைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

இதற்கு ஒரே ஒரு குணம் உண்டு. குறை என்று சொல்ல மாட்டேன், குணம். இதில் எதையும் சட்டென்று அழிக்க முடியாது. டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தினால், "இது செத்துவிட்டது" என்று ஓர் அடையாளம் அதன்மேல் விழும். எங்கள் தொழிலில் அதைக் கல்லறைக் கல் என்போம். பத்து நாள் கழித்து மாத்திரையையும் கல்லையும் சேர்த்து டேட்டாபேஸே பெருக்கித் தள்ளிவிடும். மூன்று மெஷினும் விழித்திருக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் ஒரு மெஷின் அந்தப் பத்து நாளுக்கும் மேலே படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து வந்தால், அதற்கு மாத்திரை செத்ததே தெரியாது. "என்கிட்ட இது இருக்கே" என்று நீட்டும். கல்லைப் பெருக்கித் தள்ளிவிட்ட மற்ற இரண்டும், "நமக்குத்தான் வந்து சேரவில்லை போல" என்று நம்பி வாங்கி வைத்துக்கொள்ளும். செத்தது எழுந்து உட்கார்ந்துவிடும். அதனால், நெடுநாள் படுத்த மெஷினை முழுக்கத் துடைத்து, வெறுமையாக்கி, பிறகுதான் உள்ளே விட வேண்டும். முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம் இது. நானே பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் மூன்றாவது மெஷின் படுத்தது. மாற்றுப் பாகம் கடல் கடந்து வர மூன்று வாரம் ஆகிவிட்டது. அது வந்த வாரத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தார் எங்கள் சேவையை எடுப்பதா வேண்டாமா என்று பார்க்க அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். அதற்கு அடுத்து, இந்த டேட்டாபேஸைப் பயன்படுத்தும் கம்பெனிகள் எல்லாம் கூடும் மாநாடு. வியாபாரத்தில் இது எப்படிக் கைகொடுத்தது என்று அனுபவத்தைப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மெஷினைத் துடைத்து மறுபடி நிரப்ப ஒரு முழு நாள் பிடிக்கும். அன்று முழுக்க, மருந்துக் கடைகளில் பட்டியலைக் காட்டும் திரைகள் ஆமை வேகத்தில் நகரும். வந்தவர்கள் கண் முன்னால் அது நடந்திருக்கும். தள்ளிப்போடலாம் என்றால், அதற்குள் இன்னொரு மெஷினும் படுத்துவிட்டால் சேவையே நின்றுவிடும்.

இங்கே தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் அறிக்கையில் 'சரிபார்ப்பு அலுவலர்' என்று வருகிறவள். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நகர மாட்டாள் என்பதால் நான்தான் அந்தப் பெயரை வைத்தேன், அதுவே நிலைத்துவிட்டது. ஒரு மெஷினை உள்ளே விட இரண்டு பேர் சம்மதம் வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒருவர் துடைப்பார், மற்றவர் அது வெறுமையாக இருக்கிறதா என்று திறந்து பார்ப்பார். துடைப்பது நான், பார்ப்பது அவள். மூன்றாவது மெஷினை உள்ளே விட வேண்டிய அன்று, அவள் அப்பாவை மருத்துவமனையில் காட்டிவிட்டுத் தாமதமாக, முகம் வாடி வந்தாள்.

"தொடச்சாச்சும்மா. நீ ஓகே போட்டுடு" என்றேன்.

"ஒரு தடவ பாத்துடறேண்ணே."

"நான் சொல்றேன்ல. போய் முதல்ல சாப்பிடு."

என்னை ஒரு கணம் பார்த்தாள், சிரித்தாள், சம்மதத்தைப் போட்டுவிட்டுப் போனாள். கூடப் பிறக்காத அண்ணன் என்று எல்லோரிடமும் என்னைச் சொல்லிக்கொள்வாள். அவள் ஒரு தடவைகூடப் பார்க்காமல் சம்மதித்தது அந்த ஒரு மெஷின்தான்.

மதியத்துக்குள் முதல் அழைப்பு வந்தது. ஒரு மருந்துக் கடைக்காரம்மா. "சார், போன மாசமே நிறுத்தின மாத்திரை மறுபடியும் வந்து உக்காந்திருக்கு சார். பேய் மாதிரி இருக்கு."

"ஸ்கிரீன ஒரு தடவ அணைச்சுப் போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் அணைத்துப் போடுவதற்குள் அந்த ஒரு மாத்திரையைக் கையால் எடுத்துவிட்டேன். "ஆமா சார், போயிடுச்சு" என்று மகிழ்ந்தார். இப்படிச் சிலர் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் எல்லோருக்கும் சரிசெய்து கொடுத்தேன், ஒருவரையும் காக்க வைக்கவில்லை. கூப்பிடாதவர்களுக்குத் தொந்தரவு இல்லை என்றுதானே அர்த்தம்? பெட்டி வைத்திருக்கும் வயதானவர்கள் கூப்பிடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். அவர்கள் பெட்டி திறந்தால் போட்டுக்கொள்வார்கள். அவ்வளவு நம்பகமாக நாங்கள் அதைச் செய்திருந்தோம்.

எல்லாருக்கும் ஒரே மூச்சில் சரிசெய்ய வழி இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. சேவையை நிறுத்தி, பழைய நகலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பலகையில் எண் பூஜ்யமாகும். கூடத்தில் விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போது யாராவது விளக்கை அணைப்பார்களா?

பிறகு தராசின் அப்பாவின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன், அவர் வீட்டிலும் எங்கள் பெட்டிதான். அவருக்கு இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரை வயிற்றில் இரத்தம் கசிய வைத்ததால் டாக்டர் அதை நிறுத்தி, வேறொன்றைத் தொடங்கியிருந்தார். "நல்லவேளைண்ணே, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஆள் போயிருப்பாராம்" என்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். மெஷின் படுத்த முதல் சில நாட்களில் நடந்தது அது. இப்போது பழையதும் புதியதும் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அதை எடுக்க ஒரு விசை போதும். கை அதன்மேல்தான் இருந்தது. ஆனால் யாராவது கையால் பட்டியலை மாற்றினால் உடனே குடும்பத்தாரின் போனுக்குச் செய்தி போகும், 'பட்டியல் மாற்றப்பட்டது' என்று. செத்து எழுந்தது மாற்றம் அல்ல, அதனால் அதற்குச் செய்தி போகாது. நான் எடுத்தால் போகும். அவள் தராசு. என்றோ நிறுத்திய மாத்திரையை இன்று யார் எடுத்தார்கள் என்று கேட்பாள், ஒரு கேள்வியிலிருந்து அடுத்ததற்குப் போவாள், சாயங்காலத்துக்குள் முதலாளி அறையில் நிற்பாள். மாநாடு முடிந்து வந்ததும் எடுத்துவிடலாம், நாலு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். கையை எடுத்துக்கொண்டேன். அவருக்குக் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நல்ல மனிதர். என் மகனுக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தவர்.

மாநாட்டில் என் பேச்சு நன்றாக அமைந்தது. கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. ஒரு பெரியவர் எழுந்து, இவ்வளவு காலம் ஒரு நொடிகூட நிற்காமல் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டார். ஒழுங்கு என்றேன். மேடையிலிருந்து இறங்கி போனைப் பார்த்தால் தராசு பல தடவை கூப்பிட்டிருந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எல்லாக் காரியத்துக்கும் நான்தான் ஓடினேன், நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவள் அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "நேரம் தவறாம போட்டாரே, ஒரு வேளகூட விடலயே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வாரம் வேறு வீடுகளிலும் இப்படி நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவர்கள் பெயரெல்லாம் உங்கள் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அவர்களை எனக்குப் பழக்கமில்லை.

விசாரணை வந்தபோது, நான் துடைக்கும் கட்டளையைக் கொடுத்தேன், அது பாதியில் நின்றிருக்கிறது, டேட்டாபேஸின் கோளாறு என்றேன். தராசு நான் சொன்னதை அப்படியே நம்பினாள். நம்பியதோடு, தன் பங்கை மறைக்காமல் சொன்னாள். "அண்ணன் தொடச்சாரு. அது நின்னுபோனத நான்தான் பாத்திருக்கணும். பாக்காம ஓகே போட்டேன்." வேலையை விட்டுவிட்டாள். அவள் அம்மா இப்போது அவளோடு பேசுவதில்லை. ஒரே வீட்டில் இருவரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கிறார்கள். நான் வாரம் தவறாமல் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன். போன தடவை, சன்னல் திரையைக்கூட விலக்காத அறையில் என் எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

"நான் ஒரு தடவ தொறந்து பாத்திருந்தா அப்பா இருந்திருப்பாருல்லண்ணே?"

"மெஷின் பண்ணதுக்கு நீ என்னம்மா பண்ணுவ" என்றேன்.

"நீங்க மட்டும்தாண்ணே எங்கிட்ட இன்னும் பேசறீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கல் நெஞ்சுக்காரன் இல்லை நான்.

நான் இங்கே வந்த காரணத்துக்கு வருகிறேன். உங்கள் வரைவு எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. மாநாட்டுக்கு வந்திருந்த கம்பெனிகள் எல்லாம் இப்போது தங்கள் அனுபவத்தை வேறு மாதிரி எழுதுகின்றன. துடைக்கச் சொன்னால் துடைக்காத டேட்டாபேஸை எப்படி நம்புவது என்கிறார்கள். இரண்டு கம்பெனிகள் அதை விட்டே போய்விட்டன. எங்கள் முதலாளியும் பழையபடி ஒரே பெரிய மெஷினுக்குப் போகப்போகிறாராம். சுவரிலிருந்து பலகையைக் கழற்றிவிட்டார்கள். ஆணி மட்டும் இருக்கிறது. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். துடைக்கும் கட்டளை பாதியில் நிற்கவில்லை. நான் அதைக் கொடுக்கவே இல்லை. மூன்று வாரம் படுத்துக் கிடந்த மெஷினை, என்ன ஆகும் என்று தெரிந்தே, அப்படியே உள்ளே விட்டேன். துடைத்துவிட்டதாகத் தராசிடம் சொன்னது நான். அவள் அப்பாவின் பட்டியலைப் பார்த்து, செத்த மாத்திரை எழுந்து நிற்பதைத் தெரிந்துகொண்டு, எடுக்காமல் விட்டதும் நான். டேட்டாபேஸ் தனக்குச் சொல்லிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் செய்தது. அதன்மேல் ஒரு துளிகூடத் தவறில்லை.

தராசைப் பற்றிய பத்தியை நீங்கள் மாற்றத் தேவையில்லை என்று நினைக்கிறேன். அவள் திறந்து பார்க்கவில்லை என்பது உண்மைதானே. டேட்டாபேஸைப் பற்றிய பக்கத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. செய்யாத தப்புக்கு ஒன்றைப் பழி சுமக்க விட்டுவிட்டு, மனிதன் எப்படி ஐயா நிம்மதியாகச் சாப்பிடுவான்?