மெதுவாகப் பாடியவள்

எனக்கு லேசில் கோபம் வராது. பியானோவுக்குச் சுருதி கூட்ட வருகிற ஆள் தாமதித்தால் மட்டும் கொஞ்சம் முகம் சுளிப்பேன். எங்கள் ஜாஸ் குழுவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், இன்ஸ்பெக்டர்.

அண்ணனை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஜாஸ் என்றாலே காத தூரம் ஓடுகிறவர்கள்கூட அவர் பாட்டுக்குத் தாளம் போடுவார்கள். டிரம்பெட்டை வாயிலிருந்து எடுக்காமல், புருவத்தாலேயே மொத்தக் குழுவையும் நடத்துவார். நான் கடைசிவரை அவருக்குப் பியானோ வாசித்தவன். அவர் போன பிறகு குழு என் பொறுப்புக்கு வந்தது. பாட்டுகளும் வந்தன என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தப் பாடகியை அழைத்து வந்தவர் அண்ணி. நினைவு நாள் கச்சேரியில் அண்ணனின் பாட்டுகளை மட்டும் அவள் பாட வேண்டும் என்று ஏற்பாடு. குரலைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், அப்படிப்பட்ட குரல். ஆனால் முதல் ஒத்திகையிலேயே, அரங்கம் முழுக்க எழுந்து ஆடுகிற பாட்டைப் பாதி வேகத்துக்கு இறக்கினாள். ஒரு வரியைப் பாடிவிட்டு, அடுத்த வரி மறந்துபோனவள் மாதிரி நின்றாள். நான் வாசிப்பை நிறுத்தி, அம்மணிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"இது ஆடுற பாட்டு இல்ல சார். மூடின கதவுக்கு வெளியில நின்னுக்கிட்டு ஒருத்தன் கெஞ்சுற பாட்டு. அவனை ஓட விட்டா எப்படிக் கெஞ்சுவான்?"

அந்த வேகம் நான் வைத்தது. அண்ணன் அந்தப் பாட்டைக் கொண்டுவந்த அன்று, இப்படி இழுத்தால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று சொல்லி, நான்தான் விரட்டி வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பேசவில்லை என்றால் சம்மதம் என்றுதானே அர்த்தம்.

முன்வரிசையில் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, முதல்ல எங்கிட்ட பாடிக் காட்டினப்போ அவர் இப்படித்தான் பாடினார்" என்றார். துக்கத்தில் இருப்பவர்களின் ஞாபகத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பாடகியிடம் நான் முகம் கொடுத்துத்தான் பழகினேன். கண்ணை மூடிக்கொண்டு, பாடியபடியே மெல்ல முன்னால் நடப்பது அவள் வழக்கம். மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் ஆழமான பள்ளம் இருக்கிறது. உள்ளே இரும்புச் சட்டங்கள் பொருத்தும் வேலை நடப்பதால் அதை மூடியிருந்த பலகைகளை எடுத்துவிட்டார்கள். அவள் தயங்கினாள். நான்தான் தைரியம் சொன்னேன்.

"நீ பாட்டுக்குக் கண்ணை மூடிக்கிட்டு நட. விளிம்பு வர்றப்போ பியானோவுல இடது ஓரத்துல இருக்கிற கடைசிக் கட்டையை ஒரு தரம் அழுத்துறேன். கேட்டதும் நின்னுடு."

ஒவ்வொரு ஒத்திகையிலும் அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் நின்றாள். சார் இருக்கும்போது எனக்கென்ன பயம் என்று டிரம்ஸ் வாசிப்பவரிடம் சொன்னாளாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கடைசி ஒத்திகை அன்று காலை அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டார். இனி எல்லாப் பாட்டையும் பாடகி பாடுகிற மாதிரியே குழு வாசிக்கட்டும், வேகத்தை அவளே முடிவு செய்யட்டும் என்றார். சரி அண்ணி என்றேன். குடிக்கத் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்றும் கேட்டேன்.

கை தவறிவிட்டது, கவனம் சிதறிவிட்டது என்று சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். நல்ல மனிதர். ஆனால் நடந்தது அப்படி இல்லை. அன்று ஒத்திகையில் அவள் விளிம்பை நெருங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு சொல்லின் பாதியில் குரல் நின்றது. கீழே இரும்புச் சட்டங்களின் மேல் விழுந்திருக்கிறாள். டிரம்ஸ்காரர் குச்சிகளைப் போட்டுவிட்டு ஓடினார். அண்ணி என்னைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்க்கவில்லை.

நான் எழுந்திருக்கவில்லை. மிச்சமிருந்த பாட்டை அதற்குரிய வேகத்தில் கடைசிவரை வாசித்தேன். சுற்றிலும் ஒரே கூச்சல், ஆனால் ஒரு இடத்திலும் பிசகவில்லை.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு மறுப்பு இல்லை. அண்ணன் மட்டும் அன்று அங்கே இருந்திருந்தால், முதல்முறையாக, நன்றாக வாசித்தாய் என்று என்னிடம் சொல்லியிருப்பார்.