பின்பக்கத்து இரண்டு போல்ட்

பழைய கார் என்றால் கொஞ்சம் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும் சார். வயதானால் நமக்கு மூட்டு வலிப்பதில்லையா, அதுபோலத்தான். அதற்காகக் காரைக் கோபித்துக்கொள்ள முடியாது.

என் மகளின் காருக்கு இருபத்திரண்டு வயது. அவளைவிட நான்கு வயது இளையது. அவளுடைய அப்பா விட்டுப்போனது. நான் உதிரிபாகக் கடையில் இருபத்தாறு வருடம் நின்றவள். வண்டி வேலையை யாரும் சொல்லித்தரவில்லை, வாங்க வருகிறவர்கள் புலம்புவதைக் கேட்டே கற்றுக்கொண்டேன். எண்ணெய் ஒழுகுகிற இடம் வேறு, சொட்டுகிற இடம் வேறு. அதனால் எஞ்சினை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, முகப் பவுடரைத் தூவி, கால் மணி நேரம் ஓடவிட வேண்டும். வெள்ளையில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் ஒழுக்கு.

மகள் தனியாக வேறு வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவாள். அவள் டார்ச் பிடிப்பாள், நான் குனிந்து பார்ப்பேன், ஊர்க்கதையெல்லாம் பேசுவோம்.

முதல் ஒழுக்கு உண்மையானது. எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் கசிவை அடைக்கிற ரப்பர் காஸ்கெட் காய்ந்து கல்லாகியிருந்தது. மாற்றினேன். அடுத்த வாரம், வண்டிக்குக் கீழே விரித்த அட்டையில் ஒரு சொட்டு இல்லை. அதற்கடுத்த வாரம் அவளே வரவில்லை.

"வண்டிதான் நல்லா இருக்கேம்மா, எதுக்கு வீணா அலையணும்?" என்றாள் போனில்.

அவள் சொன்னதில் தப்பில்லை. மறுமுறை வந்தபோது மூடியின் முன்பக்கத்து போல்ட் ஒன்றை அரைச் சுற்று தளர்த்தினேன். அங்கே ஒழுகினால் தரைதான் அழுக்காகும். நான் யோசிக்காமல் செய்கிறவள் இல்லை. பிறகு இரண்டு வருடம், ஒன்றை முடுக்கினால் இன்னொன்றைத் தளர்த்தினேன். ஒரு ஞாயிறும் தவறவில்லை.

ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் சொல்வேன்: "சிந்தின எண்ணெய் கொஞ்ச நேரம் கருகும். நாத்தம் வந்தா பயந்து நிறுத்திடாத, தானா போயிடும்." அது பொய் இல்லை. எந்த மெக்கானிக்கும் சொல்வது.

அப்புறம் அவளுக்கு எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊரில் வேலை கிடைத்தது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டே வந்துவிட்டாள். "கடைசியா ஒரு தடவ பாத்துடும்மா."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தேன். பின்பக்கத்து போல்ட் இரண்டுக்கும் நேர் கீழே சூடான புகைக்குழாய் போகிறது. அந்த இரண்டையும் ஒரு முழுச் சுற்று தளர்த்தினேன். அரை மணி நேரத்தில் புகையும், பயந்து திரும்பிவிடுவாள் என்று கணக்கு. அவள் கட்டிலுக்குப் புது விரிப்புகூடப் போட்டு வைத்தேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது தெருமுனை மெக்கானிக் வந்தார். வாசனையிலேயே கோளாறைச் சொல்வதால் அவருக்கு மோப்பக்காரர் என்று பெயர்.

"அக்கா, பின்னால கருகுதே. பைப் மேல சொட்டுதான்னு பாருங்க. நான் வேணா ஒரு ஸ்பேனர் போடட்டுமா?"

"எங்கம்மா பாத்த வண்டிண்ணே. மொதல்ல உங்க மூக்குக்கு சர்வீஸ் பண்ணுங்க" என்று மகள் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

என் பக்கம் திரும்பி, "போலாமாம்மா?" என்று கேட்டாள். ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. இரண்டு நிமிட வேலை.

"போயிட்டு வாம்மா" என்றேன்.

அவளுக்கு நாற்றம் தெரிந்திருக்கிறது. நான் சொன்னதை நம்பி ஓட்டியிருக்கிறாள். பின்னால் வந்த லாரிக்காரர் ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார்: "புகை வருதுன்னு ஹார்ன் அடிச்சுக் காட்டினேம்மா. ஒண்ணுமில்ல, தெரியும்னு கையக் காட்டிட்டுப் போச்சு." எரிகிற வண்டியிலிருந்து அவளை வெளியே இழுத்தவரும் அவர்தான்.

மோப்பக்காரரை விட்டுவிடுங்கள் சார். அவர் அந்த வண்டியைத் தொடவே இல்லை. கேஸில் காரணம் 'பழுது' என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும் அடித்துவிடுங்கள். தளர்த்தியது நான். எங்கே சொட்டும் என்று தெரிந்தே தளர்த்தினேன்.

கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள், அவளுக்குக் கட்டு மாற்றுகிற நேரம். இரண்டு கையிலும் தீக்காயக் கட்டு. சாப்பாடு, தண்ணீர் எல்லாம் நான்தான். இன்னும் என்னோடு பேச்சு வரவில்லை, அசதி. நான் அறைக்குள் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். வெளிச்சம் கண்ணில் படுகிறது போலிருக்கிறது. திரையை இழுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.