நோர்வே காலிறுதிக்குப் போகும் என்று சொன்னேன்

நோர்வே அணியை மதிப்பிடுவது கடினமான வேலையல்ல. பின்வரிசை பலமானது. ஆட்கள் உயரம். பந்தை நீளமாக உதைத்துவிட்டு ஓடுவார்கள். ஒரு கோல் அடித்துவிட்டால் அதைக் காப்பாற்றுவதிலேயே மிச்ச நேரம் போய்விடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டாம், பொறுமை போதும். எனக்குப் பொறுமை இருந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்துக்கு முன்னர், ஒஸ்லோவில் நாங்கள் இருந்த ஹொல்ம்லியாத் தமிழர்கள் பலரும் என்னிடம்தான் வந்தார்கள். "மகேந்திரண்ணை, ஆர் வெல்லுவினம்?" ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற நான் எல்லா அணிகளையும் பற்றி ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். முந்தைய வருடங்களில் சொன்னதில் முக்கால்வாசி சரியாகவே வந்திருந்தது. நோர்வேயைப் பற்றி எழுதியது ஒரே வரி: மூன்று ஆட்டத்திலும் சேர்த்து இரண்டு கோலைத் தாண்டாது, காலிறுதி இல்லை.

றெஜினோல்ட் கேட்டபோது, போகும் என்றேன்.

அவனும் நானும் ஏழு வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். முதல் பனிக்காலத்தில் இருவருக்கும் சேர்த்து ஒரு சோடி நல்ல சப்பாத்துத்தான். வேலை நேரம் வேறுவேறு என்பதால் மாறிமாறிப் போட்டோம். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பான். மனைவி அனஸ்ரேசியாவின் கடிதங்களை எனக்கும் வாசித்துக் காட்டுவான். மகள் சோபிகா அவன் புறப்பட்ட பிறகு பிறந்தவள். படத்தில் மட்டுமே பார்த்திருந்தான். அந்த வருடம் தாய்க்கும் மகளுக்கும் நோர்வே விசா கிடைத்து, கொழும்பில் ஒரு லொட்ஜில் வந்து தங்கியிருந்தார்கள். விமான ரிக்கெற்றுக்கான காசு பாதிதான் சேர்ந்திருந்தது.

அவர்களுக்காக மோர்டென்ஸ்ருட்டில் வாடகைக்கு வீடு எடுத்துவிட்டான். பிள்ளைக்குக் கட்டில் வாங்கிப் பொருத்தி, என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினான்.

"நீ சனிக்கிழமையிலை வந்து சாப்பிட்டிட்டுப் போ மச்சான்."

நல்ல மனதோடுதான் சொன்னான். வழிநெடுக நான் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஏழு வருடத்துக்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை.

ஆனி தொடக்கத்தில் அவன் கேட்டான்.

"உண்மையைச் சொல்லு. நோர்வே காலிறுதிக்குப் போகுமோ? வேலையிடத்திலை ஒருத்தன் கட்டினதுக்கு ரெண்டு மடங்கு தாறன் எண்டு நிக்கிறான்."

"போகும்."

"எல்லாத்தையும் வைக்கட்டோ?"

"வை. ஆனா ஒருத்தரிட்டையும் சொல்லாதை. ஆளுக்காள் ஒண்டு சொல்லிக் குழப்புவினம்."

நான் எதிர்பார்த்தது அவர்கள் வருவதில் ஓர் ஆறு மாதத் தாமதம் மட்டுமே.

முதல் ஆட்டத்தில் ஸ்பெயினை ஒரு கோலால் வென்றார்கள். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு யூகோஸ்லாவியாவிடம் ஒரு கோலால் தோற்றார்கள். மூன்றாவது ஆட்டம் ஸ்லோவேனியாவுடன். இரு பக்கமும் கோல் இல்லை. அதே நேரத்தில் வேறொரு மைதானத்தில் ஸ்பெயின் யூகோஸ்லாவியாவுக்குப் பின்னால் நின்றது. ஸ்பெயின் வெல்லாவிட்டால் நோர்வேக்குக் காலிறுதி. எங்கள் வீரர்கள் ஆட்டம் முடிந்தும் வெளியே போகாமல் அந்த முடிவுக்காகக் காத்து நின்றார்கள்.

ரீவிக்கு முன்னால் றெஜினோல்ட் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். கொழும்புக்கு எடுப்பதற்காகப் போன் காட் ஒன்றை எடுத்து, காசால் இலக்கத்தைச் சுரண்டத் தொடங்கினான். அப்போது ஸ்பெயின் சமப்படுத்தியது. உடனேயே இன்னொன்றும் அடித்தது. பாதி சுரண்டிய காட்டோடு அவன் அப்படியே நின்றான். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

சில நாள் கழித்து என்னிடம் கடன் கேட்டான். "இருந்த காசை ஊரிலை அண்ணைக்கு அனுப்பிப்போட்டன்" என்றேன். அனுப்பவில்லை. இரண்டு ரிக்கெற்றுக்குப் போதுமான காசு வங்கியில் கிடந்தது. மற்றவர்களிடம் கேட்டால் பந்தயக் கதை வெளியே வந்து மானம் போகும் என்றும் சொன்னேன். அவன் யாரிடமும் கேட்கவில்லை.

லொட்ஜ் வாடகை கட்ட வழியில்லாமல் ஆடியில் அனஸ்ரேசியா மகளோடு கப்பலேறி யாழ்ப்பாணம் திரும்பினாள். ஊருக்குத் திரும்பிப் போகும்படி போனில் அவன் அவளிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்று, "அதுதான் புத்தி" என்றேன். அங்கே சண்டை நடப்பது எனக்குத் தெரியும்.

புரட்டாதியில் அவர்களுடைய வீட்டின்மேல் ஷெல் விழுந்தது. அழைப்பு வந்தபோது அவன் குளித்துக்கொண்டிருந்தான். நான்தான் எடுத்தேன். ஈரத் தலையோடு வந்தவனை இருத்திச் சொன்னதும் நான்தான்.

"ரெண்டு பேருமோ?"

"ஓம்."

மோர்டென்ஸ்ருட் வீட்டைத் திருப்பிக் கொடுத்தோம். கட்டிலைக் கழற்ற அவனுக்குக் கை வரவில்லை, நான் கழற்றினேன்.

இப்போது நாலு வருடமாகிறது. அவன் வேலைக்குப் போவதில்லை. காலையில் தேத்தண்ணி வைத்து, மருந்தை எடுத்துக் கொடுத்து, சவரமும் செய்துவிட்டுத்தான் நான் வெளியே இறங்குவேன். கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்க்கமாட்டான் என்று சனம் சொல்கிறது.

தெரிந்துகொண்டே பொய் சொன்னேன். கையில் காசை வைத்துக்கொண்டு இல்லை என்றேன். ஒரு பெண்ணும் ஏழு வயதுப் பிள்ளையும் அதனால் செத்தார்கள். இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் றெஜினோல்ட்டை நான் கைவிட்டேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. பாவம், அவனுக்கு இங்கே என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?