நன்றி சொன்ன பிறகும் எழாத ஊர்

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை கூடிய ஸ்டென்விக் ஊர் மன்றக் குழு, ஒன்றே முக்கால் மணி நேர விவாதத்துக்குப் பிறகு, ஐந்துக்கு நான்கு என்ற வாக்குகளில் ஒரு முடிவுக்கு வந்தது. இன்றைய காபி இரங்கல் உரைக்கு முன்பு அல்ல, பின்புதான் பரிமாறப்படும். சரியாக நான்கு மணிக்கு. தோற்ற நால்வரின் கருத்தும் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. டோர்பென் பேச எழுந்தால் கிரிங்கிள் ரொட்டியின் நடுவிலிருக்கும் கிரீம் காய்ந்துவிடும் என்பது அவர்கள் கருத்து. அந்த டோர்பென் நான்தான். ஒன்பது பேருக்கும் என் வணக்கம்.

போதகர் வீபெகெ அவர்களே, மன்றத் தலைவி ஸோல்வாய் அவர்களே, அக்கரையிலிருந்து படகில் வந்திருப்பவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் என் அம்மா எல்னா அவர்களே, கதவருகே கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருப்பவர்களே.

யாரை இழந்துவிட்டு இங்கே கூடியிருக்கிறோம்? நாற்பத்தாறு ஆண்டுகள் துறைமுகத் தெருவில் படமெடுத்த ராக்னா லிண்டாலை. வீட்டுச் சுவரில் ராக்னா எடுத்த குடும்பப் படம் இல்லாதவர்கள் கை தூக்குங்கள், பார்க்கலாம். இரண்டு கைகள். ஒன்று, போன மாதம் குடிவந்த பல் மருத்துவருடையது. இன்னொன்று என் அம்மாவுடையது. கையை இறக்கிக்கொள்ளுங்கள் அம்மா, அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ராக்னா லிண்டால் வேலை செய்த விதம் உங்கள் அனைவருக்கும் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடன்பத்திரத்தில் கையெழுத்திடுகிறவர்களைப் போல் நிற்போம். அவர் எடுக்க மாட்டார். “நன்றி, முடிஞ்சது” என்பார். தோள் இறங்கும், அப்பா அம்மாவைப் பார்ப்பார், பிள்ளை மூக்கைச் சொறியும். அப்போது எடுப்பார். அந்தப் படம்தான் இன்றைக்கும் உங்கள் சுவரில் இருக்கிறது.

இந்த உத்தி ஏழெட்டு ஆண்டுகள் பலித்தது. பிறகு ஊர் அதைக் கற்றுக்கொண்டது. ஸ்டென்விக்கில் யாராவது நன்றி என்று சொன்னால் எவரும் அசைவதில்லை என்ற வழக்கம் அப்படித்தான் வந்தது. பேராயர் இங்கே வந்திருந்தபோது நடந்ததை மறக்க முடியுமா? பிரசங்கத்தை முடித்து “நன்றி” என்றார். தேவாலயம் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நல்ல மனிதர், கேட்கிறவர்களுக்கு இன்னும் பசி இருக்கிறது என்று எண்ணி, மேலும் பத்து நிமிடம் பேசினார். பின்னால் உட்கார்ந்திருந்த ராக்னா ஒருவர்தான் எழுந்து போனார்.

இது அவருடைய உத்தி. அவருடைய விதி வேறு. குடும்பப் படம் என்றால் குடும்பம் முழுவதும் வந்தாக வேண்டும். ஒருவர் குறைந்தாலும் எடுக்க மாட்டார். யார் யார் குடும்பம் என்று பெரியவர்களிடம் அவர் கேட்டதே இல்லை. இருப்பதிலேயே சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்பார். “உங்க வீட்டுல யாரெல்லாம்டா?” பிள்ளை விரல் விட்டு எண்ணும். விவாகரத்தான கணவர்கள் தங்கள் பழைய மனைவியின் புதிய கணவரோடு தோள் உரச நின்றதும், இரண்டு நாய்களும் ஓர் ஆமையும் படத்தில் வந்ததும் அப்படித்தான். மகன் கிரீன்லாந்தில் கப்பலில் இருக்கிறான் என்று சொன்ன ஒரு குடும்பத்தை இரண்டு ஆண்டுகள் ஏழு மாதம் காக்கவைத்தார். தேவாலயத்தில் உறுதிப்பூசுதல் பெற்ற நாளின் படத்துக்காக அந்த வீட்டு மகளுக்குத் தைத்த வெள்ளை உடை அவளுக்குச் சின்னதாகிவிட்டது. படத்தில் அந்த உடை அவள் மடியில் மடித்துவைக்கப்பட்டிருக்கிறது. இந்த ஊரில் நான் பார்த்த படங்களிலேயே அழகானது அது.

“செத்துப்போனவங்களுக்கு விலக்கு உண்டு. கோவிச்சுக்கிட்டவங்களுக்குக் கிடையாது” என்பார். நமது போதகர்கள் நால்வர் மாறினார்கள், நால்வரும் சமாதானத்தைப் பற்றிப் பேசினார்கள். பேசாமல் செய்தவர் யார்? அண்ணன் தம்பிகளை ஒரே பெஞ்சில் உட்காரவைத்தவர் யார்? வீபெகெ அவர்கள் தலையாட்டுகிறார், ஆகையால் தொடர்கிறேன்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒரு முறை கேட்டேன். கண்ணாடி வில்லையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “ஒருத்தன் இல்லாம படம் எடுத்தா, முதல்ல அவன் ஏன் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். இருபது வருஷம் போனா, அவன் இல்லைங்கறது மட்டும் தெரியும். அதுக்கப்புறம் அதுவும் தெரியாது, டோர்பென். குடும்பமே அவ்வளவுதான்னு ஆயிடும்.”

நான் ஊர் ஆவணக் காப்பகத்தின் தலைவன். பெயர் தெரியாத முகங்களுக்குப் பெயர் தேடுவது என் வேலை. அவர் சொன்னதை நான் குறித்து வைத்துக்கொண்டேன். எனக்குச் சொன்னார் என்று அப்போது தோன்றவில்லை.

இனி அம்மாவின் கை.

அப்பா இருந்தவரை மாடுகளை விட்டுவிட்டுத் துறைமுகத் தெருவுக்கு வரமாட்டார். அவர் வராமல் ராக்னா எடுக்க மாட்டார். அப்பா போன பிறகு அம்மாவின் எண்பதாவது பிறந்த நாளுக்கு நான் நேரம் வாங்கினேன். அம்மா முடி அலங்காரம் செய்துகொண்டு வந்தார். ராக்னா கதவைத் திறந்து எங்களை எண்ணினார்.

“எல்னா, உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேர்?”

“ரெண்டு.”

“ஒண்ணுதான் வந்திருக்கு.”

“இன்னொண்ணு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கு.”

“அப்ப வேலிக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லுங்க” என்று கதவைச் சாத்திவிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது என் தம்பி அக்ஸெல். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே முப்பத்திரண்டு மீட்டர் நீளத்துக்கு அவன் வளர்த்த செடிவேலி. நகராட்சி விதிப்படி அது ஒரு மீட்டர் எண்பது சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்த ஆண்டு ஜூன் மாதம் நான் அளந்தேன். இரண்டு மீட்டர் ஐந்து. இரண்டு கடிதம் எழுதினேன். “நான் அளந்துட்டேன், சரியாத்தான் இருக்கு. கண்ணாடியை மாத்து” என்று பதில் வந்தது. அக்ஸெல் குடும்பத்தோடு ஜெர்மனிக்கு விடுமுறைக்குப் போயிருந்த வாரத்தில், வாடகை இயந்திரம் கொண்டுவந்து, முப்பத்திரண்டு மீட்டரையும் நானே ஒரு மீட்டர் எண்பதுக்கு வெட்டிச் சமன்செய்தேன். நூல் பிடித்து வெட்டினேன். வேலை சுத்தமாக இருந்ததாக அன்றைக்குப் பெருமைகூடப் பட்டேன்.

அக்ஸெல் திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு எதுவுமே சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு ஜூனிலும், நான் வெட்டிய அதே மட்டத்துக்கு, ஓர் இலை மிஞ்சாமல், நான் காபி குடிக்கும் நேரமாகப் பார்த்து வெட்டினான். பழைய வேலி இருந்தவரை எங்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, வேலிக்கு மேலாகப் பேசிக்கொள்வோம். புதிய வேலியில் முகம் நன்றாகத் தெரிந்தது. பதினோரு ஆண்டுகள் பேசவில்லை.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் அம்மா முடி அலங்காரம் செய்துகொண்டு துறைமுகத் தெருவுக்குப் போனார். ராக்னா கதவைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, “ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க எல்னா” என்பார். பக்கத்து நகரத்தில் வேறு இடம் இருக்கிறதே, நாம் இருவரும் போய் எடுத்துக்கொள்ளலாமே என்று நான் அம்மாவிடம் சொன்னேன். “பாதிப் படத்துக்கு நாப்பது கிலோமீட்டரா?” என்று கேட்டார். “எனக்கு வேண்டியது ஒண்ணுதான்டா. நீங்க ரெண்டு பேரும் நடுவுல நானும். அது கிடைக்கலைன்னா சுவர் சும்மாவே இருக்கட்டும்.” இப்போது அம்மாவுக்குத் தொண்ணூற்றொன்று. சுவர் சும்மா இருக்கிறது.

போன நவம்பரில் ராக்னா தன் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் காப்பகத்துக்குக் கொடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள், ஆண்டு வாரியாக, ஒரு தவறும் இல்லாமல். ஒரே ஒரு படம் இடம் மாறியிருந்தது. முதல் பெட்டியைத் திறந்ததும் மேலேயே இருந்தது. தோட்டச் சங்கத்துக்காக எடுத்த அக்ஸெலின் தனிப் படம். கையில் அவன் பரிசு வாங்கிய டேலியாப் பூ. தன் பக்கத்துப் புல்தரையில், வேலியில் முதுகு ஒட்டி நிற்கிறான். தேதி, நான் வெட்டியதற்கு எட்டு நாள் முந்தையது.

வேலி அவன் நெற்றி வரைதான் இருக்கிறது.

அக்ஸெலின் உயரம் ஒரு மீட்டர் எண்பத்தாறு. ராணுவப் பதிவுப் பட்டியலில் இருக்கிறது, அந்தப் பட்டியலும் என் பொறுப்பில்தான். காப்பகத் தலைவன் என்பதால் கணக்குப் போட்டேன். பிறகு வீட்டுக்குப் போய் மேசை இழுப்பறையிலிருந்து நகராட்சியின் விதிப் புத்தகத்தை எடுத்தேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் முதல் பக்கத்தை மட்டும் படித்திருந்தேன். இரண்டாம் பக்கத்தில், இரண்டு மனைகளின் தரை மட்டம் வேறுபட்டால் உயர்ந்த பக்கத்திலிருந்துதான் அளக்க வேண்டும் என்று இருக்கிறது. என் தோட்டம் அவன் தோட்டத்தைவிட இருபத்தைந்து சென்டிமீட்டர் தாழ்வு.

ராக்னாவிடம் தொலைபேசியில் பேசினேன்.

“ராக்னா, ஒரு படம் தப்பான பெட்டியில இருக்கு.”

“அப்படியா. பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“என்ன தெரியுது?”

“டேலியா நல்லா இருக்கு.”

“டேலியா சுமாராத்தான் இருக்கு. நன்றி, டோர்பென், அவ்வளவுதான்” என்றார்.

அவர் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் இந்த ஊர்க்காரன், அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, என் சமையலறையில் முட்டை வெந்து கெட்டியாகிவிட்டது. கடைசியில் “நான்தான் தப்பா அளந்துட்டேன்” என்றேன்.

“இதை எங்கிட்ட ஏன் சொல்ற? எனக்கா வேலி இருக்கு?” என்று கேட்டுவிட்டு வைத்தார்.

பிறகு கிறிஸ்துமஸ் வந்தது. பிறகு காப்பகத்தின் ஆண்டுக் கூட்டம். பிறகு தண்ணீர்க் குழாய் உறைந்துபோனது. மார்ச் மூன்றாம் தேதி ராக்னா லிண்டால் காலமானார். நான் அதுவரை அக்ஸெலிடம் சொல்லவில்லை. ராக்னாவின் புகழ் பாட வந்தவன் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நண்பர்களே, என் பக்கத்தில் முக்காலியில் உங்களைப் பார்த்து நிற்பது ராக்னாவின் கேமரா. இன்று இந்தக் கூட்டத்தைப் படமெடுக்க வேண்டும் என்று அவர் ஸோல்வாயிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. குடும்பம் எது என்ற இடத்தில் ஊரின் பெயரை எழுதியிருக்கிறார். விதி மாறவில்லை, யாரும் குறையக் கூடாது. ஆகவே பொத்தானை அழுத்தப்போகிற போதகர் வீபெகெயும் படத்தில் இருப்பார். பன்னிரண்டு விநாடி அவகாசம் உண்டு. அவர் காலையிலிருந்து மூன்று முறை ஓடிப் பார்த்திருக்கிறார், மூன்றாவது முறை நாற்காலியை எட்டிவிட்டார். எந்த நாற்காலியில் யார் என்பதை ராக்னாவே தன் கையெழுத்தில் சீட்டு எழுதி வைத்திருக்கிறார். முதல் வரிசை நடுவில் அம்மா. அம்மாவுக்கு வலப்பக்கம் என் பெயர். இடப்பக்கம் அக்ஸெலின் பெயர். அவன் கதவருகே நிற்கிறான். ராக்னாவுக்காக வந்திருக்கிறான், எனக்காக அல்ல என்பது எனக்குத் தெரியும்.

அக்ஸெல், நான் தாழ்ந்த பக்கத்திலிருந்து அளந்தேன். உன் வேலி ஒரு மீட்டர் எண்பதுதான் இருந்தது. நீ சொன்னது சரி. நவம்பரிலிருந்து எனக்குத் தெரியும்.

ராக்னா லிண்டால் தொடங்கிய பணியை இந்த ஊர் தொடரும் என்று காப்பகத்தின் சார்பில் உறுதி கூறுகிறேன். இனி எந்தப் படத்தையும், அதில் இல்லாதவர் பெயரையும் கேட்டு எழுதாமல், குடும்பப் படம் என்று பதிவுசெய்ய மாட்டோம். என் சார்பில் ஒன்று. என் அளவுநாடாவைக் காப்பகத்திடம் ஒப்படைத்துவிட்டேன். பதிவு எண் 4417. தலைவர் உட்பட யாருக்கும் வெளியே கொடுக்கப்பட மாட்டாது.

நன்றி.

ஆம், தெரியும். எல்லோரும் அப்படியே இருக்கிறீர்கள்.

அம்மா ஏதோ சொல்கிறார். பின்வரிசைக்காகத் திருப்பிச் சொல்கிறேன். “அக்ஸெல், இந்த முடி சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும்.”

அக்ஸெல் கேட்கிறான், “முதல் பக்கத்தோட மூடிட்டியா?”

ஆமாம்.

“பதினோரு வருஷமா?”

ஆமாம்.

“ஊர் ஆவணத்தை எல்லாம் இவன்கிட்டதான் கொடுத்து வெச்சிருக்கீங்க” என்கிறான். குறிப்பேட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அவன் கோட்டைக் கழற்றுகிறான். ஸோல்வாய் அவர்களே, காபி நாலே காலுக்கு.