சீனியம்மா தூங்குற கிணறு

கிணத்துக்கு முதுகு காட்டாம உக்காருங்கப்பா. திருப்பூர்ல இருந்து வேன் புடிச்சு வந்தவுக, செல்லை உள்ள வைங்க. சிவராத்திரிக்கு எதுக்கு முழிக்கிறோம்னு கேட்டா, சாமி விஷம் குடிச்சாரு, வேடன் வில்வம் போட்டான்னு ஆளுக்கொண்ணு சொல்லுவீக. அது ஊருக்கு உள்ள கதை. நம்ம குலத்துக்குன்னு ஒண்ணு இருக்கு. கேக்க நல்லா இருக்காது. பூசாரி நான், சொல்லித்தான் ஆகணும்.

இந்தக் கண்மாய்க்கு மதகு கட்டாத காலத்துல, இதே ஆலங்கூரணியில காத்தமுத்துன்னு ஒரு பெரியாம்பிளை இருந்தாராம். நம்ம ரத்தந்தான். ரெண்டு வருசமா மழையில்ல. கண்மாய் பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சாம். அவரு நேந்துக்கிட்டாராம்: "சாமி, எங்க வகையறாவுல நாப்பது உசுரு. சிவராத்திரிக்கு ஒருத்தர் கண்ணும் அசராது. மழையக் கொடு." சாமத்துக்கு ஒருக்கா பேர் சொல்லிக் கூப்பிடுவாராம். "முழிச்சிருக்கேன்"னு பதில் வரணும்.

அவருக்கு ஒரே மகன் சோணைமுத்து. அவன் பொண்டாட்டி சீனியம்மா. வாக்கப்பட்டு வந்து ஒம்பது மாசந்தான்.

ராத்திரி முழிக்கணும்ல? அதனால முதநாளே எல்லாரும் தூங்க ஆரம்பிச்சுட்டாக. மாமியா தூங்கினா, நாத்துனா தூங்கினா, புருசன் குறட்டை விட்டான். விடிஞ்சா நாப்பது இலை போடணுமே, அரிசி குத்துனது யாரு? சீனியம்மா. மாவு இடிச்சது யாரு? சீனியம்மா. மிளகா வறுத்துப் பொடிச்சது யாரு? அவளேதான். ரெண்டு பகல், ஒரு ராத்திரி.

"அத்தே, ஒரு நாழி தலைய சாய்ச்சுக்கிறேனே"ன்னாளாம்.

"நீ சாய்ஞ்சா உலக்கைய உங்கப்பனா வந்து புடிப்பான்?"னாளாம் மாமியா.

சிவராத்திரி வந்துச்சு. மொதச் சாமம். "சோணை?" "முழிச்சிருக்கேன்." "சீனியம்மா?" "முழிச்சிருக்கேன், மாமா."

ரெண்டாஞ் சாமம். சோணைமுத்து தலை ஆடிருச்சாம். அப்பன் வாயில அவன் பேர் வர்றதுக்குள்ள தொடையில கிள்ளி எழுப்பி விட்டாளாம் அவ. "சோணை?" "முழிச்சிருக்கேன்." "சீனியம்மா?" "முழிச்சிருக்கேன், மாமா."

மூணாஞ் சாமம். "சோணை?" "முழிச்சிருக்கேன்." "சீனியம்மா?"

பதில் இல்ல.

"சீனியம்மா?"

கல்லுல தலைய வச்சுத் தூங்குறா. பச்சப்புள்ள மாதிரி வாயத் தொறந்து தூங்குறா. பக்கத்துலதான் உக்காந்திருக்கான் புருசன். அவளைக் கிள்ளி விட அவனுக்குக் கை வரல பாத்தீகளா? அப்பன் மேல அம்புட்டுப் பயம்.

காத்தமுத்து எந்திரிச்சாராம். "மழையக் கெடுத்துட்டியேடி மூதேவி"ன்னாராம். அவ பொடிச்ச மிளகாப் பொடியையே கை நெறையா அள்ளியாந்தாராம். "டேய் சோணை, தலையப் புடி"ன்னாராம். புடிச்சான். கட்டின புருசன் ரெண்டு கையாலயும் அழுத்திப் புடிச்சான். அவரு ரெண்டு கண்ணுலயும் வச்சுத் தேச்சாரு. "இனி தூங்கு பாப்போம்."

அலறுனாளாம். "தண்ணி, மாமா, கொஞ்சம் தண்ணி"ன்னாளாம். பக்கத்துலயே ஒரு குடம் தண்ணி இருந்துச்சு. "அது சாமிக்கு"ன்னுட்டாரு. "அத்தே, தண்ணி." மாமியா முந்தானையால வாயப் பொத்திக்கிட்டா. தட்டுத் தடுமாறி, இந்தா இந்தக் கிணத்தைத் தேடி வந்தாளாம். அப்ப இதுக்குச் சுத்துச் சுவர் கிடையாது. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாக. முப்பத்தொம்பது பேரும் முழிச்சுத்தான் இருந்தாகப்பா, ஒருத்தரும் தூங்கல. ஒருத்தரும் எந்திரிக்கவும் இல்ல. தொப்புன்னு சத்தம் கேட்டுச்சாம்.

நாலாஞ் சாமம் பேர் கூப்பிட்டாராம் காத்தமுத்து. அவ பேரை விட்டுட்டாராம். கூப்பிடாமலே கிணத்துக்குள்ள இருந்து குரல் வந்துச்சாம்: "முழிச்சிருக்கேன், மாமா."

விடியக்காலம் மழை கொட்டுச்சாம். அதுதான் கொடுமை. "பாத்தீகளா, தண்டிச்சதுக்குப் பலன்"னு மார் தட்டினாராம். அன்னைக்கு ராத்திரி படுத்து இமைய மூடுனா, "முழிச்சிருக்கேன், மாமா." மறுநாளும் அதே. நாப்பது ராத்திரி. சாராய ஊறல் குடிச்சாரு, காதுல மெழுகு ஊத்துனாரு, ஒண்ணும் ஆகல. நாப்பத்தியோராம் நாள் செத்துப் போனாரு. செத்தும் கண்ணு மூடலையாம். மண்ணள்ளிப் போட்டப்பவும் அந்த மண்ணுக்குள்ள முழிச்சுக்கிட்டே போனாரு.

அடுத்த சிவராத்திரிக்கு மாமியா மேல சீனியம்மா அருள் வந்துச்சாம். "ஆத்தா, என்ன வேணும்? பட்டா? பொங்கலா? கெடாயா?"ன்னு கேட்டாகளாம்.

"தூங்கணும்"னாளாம்.

அதான் நம்ம கோயில் எல்லைக்குள்ள மிளகா வராது. மொதக் குடம் தண்ணி சாமிக்கு இல்ல, கிணத்துக்கு. சிவராத்திரிப் பகல் பூரா இந்த வகையறா மருமகளுக படுத்துத் தூங்குவாக, உலையும் உலக்கையும் ஆம்பிளைக்கு. திருப்பூர்க்காரரே, கை காந்துதுன்னு மதியம் மொணங்குனீருல்ல? காந்தட்டும்.

இந்தா, மூணாஞ் சாமம் ஆச்சு. பேர் கூப்பிடப் போறேன். சோணைமுத்து பொறகு ரெண்டாந்தாரம் கட்டிப் பெத்த வழியில வந்த நாந்தான் கூப்பிடணும். அவுகவுக பேருக்கு அவுகவுக பதில் சொல்லுங்க. கடைசியா சீனியம்மா பேர் வரும், அதுக்கு மட்டும் பதில் வரக் கூடாது. அப்ப ஒருத்தரும் இருமக்கூடக் கூடாது. புள்ள அழுதா மாரோட அணைச்சுக்கங்க. அவ தூங்கட்டும்.