சர்க்கரை இல்லாத டீ

— எழுபத்தொரு மணி நேரம், மாமா.

— எது?

— யார்டுல மூணாவது வரிசையில நிக்குதே, அந்த லாரி. கரும்பு வெட்டி எழுபத்தொரு மணி நேரம் ஆச்சு. டிரைவர் சீட்டுல எழுதியிருக்கு.

— அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? மில்லு தினமும் பாதி நேரம் நிக்குது. மில்லு நின்னா லாரியும்தான் நிக்கும்.

— நிக்கலாம். வெட்டின நிமிஷத்துலேர்ந்து அதுல இருக்கிற சக்கரை நிக்காதே. குறைஞ்சுக்கிட்டே போகும்.

— பாப்பா, நான் இந்தச் சாறு கேனைத் தூக்க ஆரம்பிச்சப்ப நீ பிறக்கவேயில்ல. எனக்கே பாடமா?

— பாடம் இல்ல. மூணு நாள் வெயில்ல காஞ்ச கரும்பு. அதைப் பிழிஞ்ச சாறு தினமும் நூத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல சக்கரை காட்டுது. எப்படின்னு கேக்கறேன்.

— நல்ல கரும்பு.

— மழையே இல்லாத வருஷத்துலயா?

— நல்ல மண்ணு.

— மாமா...

— கேனை எங்க வைக்கட்டும்? அதைச் சொல்லு முதல்ல. கை இறங்குது.

— அந்த மேஜையில. பாட்டிலைத் தட்டிடாதீங்க.

— காலி பாட்டில்தானே? ஏன் பாப்பா, இது மெஷினைச் சரிபார்க்கிற சக்கரை பாட்டில் இல்ல? போன மாசம்தான் ஸ்டோர்லேர்ந்து நானே தூக்கிட்டு வந்தேன். கால் கிலோ.

— தீர்ந்துடுச்சு.

— அதுக்குள்ளயா? எறும்பு தின்னுச்சா?

— தீர்ந்துடுச்சு மாமா. அந்தக் கதவைச் சாத்திட்டு உக்காருங்க.

— கதவு எதுக்கு? லேபுக்குள்ள என்ன ரகசியம்?

— ரெண்டு மணிக்குத் தலைமை ஆபீஸ்லேர்ந்து மூணு பேர் வர்றாங்க. இன்னும் மூணு மணி நேரம்கூட இல்ல. அப்பாவை விசாரிக்கப் போறாங்க.

— தெரியும். அக்கா காலையிலயே போன் பண்ணி அழுதா. உங்கம்மா அழுதா எனக்குச் சோறு இறங்காது.

— டீ இறங்கிடுச்சு போல. மீசையில இருக்கு.

— டீயில என்ன இருக்கு, அதுவும் சக்கரை இல்லாத டீ. டாக்டர் பேச்சைக் கேக்கற ஒரே ஆள் இந்த மில்லுலயே நான்தான். சக்கரை ஆலையில வேலை, ரத்தத்துலயும் சக்கரை. எனக்கு மட்டும் ரெண்டு இடத்துல பட்டுவாடா.

— எத்தனை வருஷமா இந்த சக்கரை இல்லாத டீ?

— நாலு. ஏன்?

— சும்மா கேட்டேன். அப்பா தினமும் ஷிப்டுக்கு முன்னாடி எங்க போறார்னு தெரியுமா?

— மச்சான் எங்க போவார்... நேரா பாகு காய்ச்சற இடத்துக்குத்தான். முப்பது வருஷமா அந்தக் கொப்பரையைக் கட்டிக்கிட்டு அழுவறார்.

— அதுக்கும் முன்னாடி, பின்பக்கம் வாய்க்காலுக்குப் போறார். பாகு கொதிச்சு வர்ற ஆவி குளிர்ந்து தண்ணியா வெளிய ஓடுதில்ல? அங்க குத்த வச்சு உக்காந்து, உள்ளங்கையில அள்ளி நக்கிப் பார்க்கறார்.

— தண்ணியையா?

— இனிக்குதான்னு. ஆவியோட சக்கரை பறந்து போயிருந்தா அந்தத் தண்ணி இனிக்கணும்.

— இனிக்குதாமா?

— இல்ல. பதினெட்டு நாளா இனிக்கல. அப்படியும் நம்ப மாட்டேங்கறார். "என் நாக்கு செத்துப் போச்சு பாப்பா, நீ ஒரு வாய் பாரு"ன்னு நேத்து என்னையும் கூட்டிட்டுப் போனார்.

— நீ போனியா?

— போனேன். வெறும் தண்ணி. துரு வாடை. அதைச் சொன்னா, "உனக்கும் தெரியல"ங்கறார். அவர் திருடலைன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அவர் காய்ச்சறப்ப சக்கரை எங்கயோ போகுதுன்னு எழுதிட்டாங்க. இன்னிக்கு வேலையை விட்டு நிறுத்திடுவாங்க. அவரே ஒத்துக்குவார் போல இருக்கு.

— செய்யாததை எவன் ஒத்துக்குவான்?

— அப்பா ஒத்துக்குவார். எங்க தப்புன்னு தேடித் தேடி, தன்கிட்டதான்னு முடிவே பண்ணிட்டார்.

— அப்படி எவ்வளவுதான் காணோமாம்?

— நூறு கிலோ கரும்புல பன்னிரண்டு கிலோ அறுபது கிராம் சக்கரை உள்ள வருதுன்னு இந்த லேப் சொல்லுது. மூட்டையில ஏறினது, சக்கையில போனது, சேத்துல போனது, கழிவுப்பாகுல போனது, எல்லாம் கூட்டினா பதினொண்ணு நானூறுதான் வருது. அறுநூத்தறுபது கிராம் காணோம்.

— கொஞ்சம் காணாமப் போறது வழக்கம்தானே?

— நூறு கிராம் போகும். பழைய மில்லு, ஒழுகத்தான் செய்யும்னு நானூறு வரைக்கும்கூட யாரும் கேக்க மாட்டாங்க. அறுநூத்தறுபதுன்னா கேப்பாங்க. கேட்டுட்டாங்க, பதினெட்டு நாள் முன்னாடி.

— கேக்கறவனுக்கு என்ன? ஏசி ரூம்ல உக்காந்து கேப்பான். பாப்பா, நம்ம பக்கத்துல இருபத்தாறு மில்லு இருந்துச்சு. இப்ப பதினொண்ணு. கப்பல்ல வந்து இறங்கற சக்கரை நம்ம சக்கரையைவிட மலிவு. பாதி தண்ணி போதும்னு கரும்புக்காரன் மக்காச்சோளத்துக்குப் போயிட்டான். நம்ம பாய்லருக்கு என் வயசு.

— அதான் ரெண்டும் பாதி நேரம் நிக்குது.

— சிரிக்காதே. ஸ்பிரிட் காய்ச்சி பெட்ரோல்ல கலக்கப் போறாங்களாம், இனிமே அதுலதான் பிழைப்பாம். அந்த மெஷின் எங்க வருது? பெரிய மில்லுக்கு. நமக்கு என்ன வந்துச்சு? நோட்டீஸ். சக்கரைச் சத்து பன்னிரண்டுக்குக் கீழ இருந்தா இந்த மில்லை மூடிட்டு கரும்பை அங்க அனுப்பிடுவோம்னு ஒட்டினாங்களே, மறந்துட்டியா?

— மறக்கல. கேட்டுக்கு உள்பக்கம் ஒட்டினாங்க. ஒட்டி நாற்பத்துமூணு நாள் ஆச்சு.

— எண்ணிக்கிட்டே இருக்கியா?

— கேன்டீன் அக்காதான் எண்ணிச் சொன்னாங்க.

— அவளுக்கு எதுக்கு அந்தக் கணக்கு?

— நோட்டீஸ் ஒட்டின அன்னிக்குத்தான் நீங்க முதல் பொட்டலம் வாங்கினீங்களாம்.

— என்ன பொட்டலம்?

— "உங்க மாமா டீயில சக்கரை வேணாம்பார். ஆனா தன் பங்கை விடமாட்டார். ஒரு ஸ்பூன் சக்கரையைப் பேப்பர்ல மடிச்சு வாங்கிட்டுத்தான் போவார்"னு சொல்லிச் சிரிச்சாங்க.

— அது... பூனைக்கு.

— பூனை சக்கரை திங்குமா?

— பால்ல கலந்து குடுத்தா குடிக்கும்.

— உங்க வீட்டுப் பூனை செத்து ரெண்டு வருஷம் ஆச்சு மாமா. குழி தோண்டினதே நான்தான்.

— நீ படிச்சதே தப்பு. உங்கப்பன்கிட்ட அன்னிக்கே சொன்னேன், பொண்ணை டீச்சர் ஆக்குன்னு.

— கேனுக்குள்ள போட்டீங்களா?

— கதவு சாத்தியிருக்கா?

— நீங்கதானே சாத்தினீங்க.

— போட்டேன். ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன். கொண்டாந்து உன் மேஜையில வைக்கறதுக்கு முன்னாடி, படிக்கட்டுக்குக் கீழ நின்னு. ரெண்டு லிட்டர் சாறுதானே? நாலு தடவை குலுக்கினா கரைஞ்சிடும்.

— எங்க கத்துக்கிட்டீங்க இதை?

— கத்துக்க என்ன இருக்கு? சாறுல சக்கரை எவ்வளவுன்னு நீ மெஷின்ல பார்க்கற. அந்த நம்பர் குறைஞ்சா அறுநூறு குடும்பம் தெருவுல. ஒரு ஸ்பூன்ல ஒரு மில்லு நிக்கும்னா எவன் போட மாட்டான்?

— உள்ள வராத சக்கரையை வந்ததா காட்டினா, அப்புறம் அதை வெளிய தேடுவாங்களே மாமா. எங்கன்னு கேப்பாங்களே.

— அது எனக்கு எட்டலை பாப்பா. சத்தியமா எட்டலை. மச்சான் தலையில போய் விடியும்னு தெரிஞ்சிருந்தா இந்தக் கையை வெட்டிப் போட்டிருப்பேன்.

— பதினெட்டு நாளா தெரியுமே.

— தெரியும்...

— அப்பா நாக்கு செத்துப் போச்சுங்கறார்.

— போதும். சொல்லாதே.

— ஒரு ஸ்பூன்தானா?

— ஒண்ணுதான்.

— ரெண்டு இல்லையே?

— அவ ஒண்ணுக்கு மேல தரமாட்டா. கேட்டிருக்கேன். "உனக்கு எதுக்குய்யா, ஆஸ்பத்திரிக்குப் போகவா?"ங்கறா.

— தலை தட்டியா, குமிச்சா?

— குமிச்சுத்தான். ஆறு கிராம் இருக்கும். போதுமே, பன்னிரண்டைத் தாண்டிச்சே! மூணாவது நாள் போர்டுல நீ பன்னிரண்டுன்னு எழுதினதைப் பார்த்து அப்படியே நின்னுட்டேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

— முதல் ரெண்டு நாள் என்ன எழுதியிருந்தேன்?

— பதினொண்ணே முக்கால். கொஞ்சம் கூட. சரி, கரும்பு மெதுவா தேறி வருதுன்னு நினைச்சேன்.

— கரும்பு எல்லா நாளும் ஒரே கரும்புதான். பதினொண்ணரை. ரெண்டு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் போட்டா நூறு கிலோ கரும்புக்கு இருநூத்தெண்பது கிராம் கூடக் காட்டும். பதினொண்ணரையும் இருநூத்தெண்பதும் எவ்வளவு?

— பதினொண்ணு... எழுநூத்தெண்பது.

— பன்னிரண்டு வருதா?

— வரலை. இரு, இரு. நீ கணக்குல என்னைக் குழப்பற. காணாமப் போறது வழக்கமா நூறு. என் ஸ்பூன் இருநூத்தெண்பது. கூட்டினா முந்நூத்தெண்பது. நானூறு வரைக்கும் கேக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்ன?

— ஆமா.

— அப்ப மச்சான் என்னால மாட்டலை!

— உங்களால மட்டும் மாட்டலை.

— மட்டும்னா? இன்னொருத்தனும் போடறானா? எவன் அவன்? மேனேஜரா? அந்த ஆள் டீயில நாலு ஸ்பூன் போட்டுக் குடிக்கிறவன், அவன் கையிலேர்ந்து ஒரு ஸ்பூன் சக்கரை வெளிய வராது.

— அவர் இல்ல.

— ஸ்டோர்காரன்?

— மாமா, நான் ஒரு கடுதாசி எழுதியிருக்கேன். ரெண்டு மணிக்கு அவங்ககிட்ட குடுக்கறதுக்கு. படிச்சுப் பாருங்க.

— கண்ணாடி வீட்டுல இருக்கு. நீயே சொல்லு.

— சாறு மாதிரியில வெளிச் சக்கரை கலந்திருக்கு. நாற்பத்துமூணு நாள் கணக்கும் தப்பு. பாகு காய்ச்சற இடத்துல எந்த இழப்பும் இல்லை. உண்மையான சத்து பதினொண்ணரை. அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா? மில்லு போயிடும் பாப்பா. யோசிச்சியா? மச்சானை ரெண்டு மாசம் நிறுத்தினா அப்புறம் சேர்த்துக்குவாங்க. மூடினா மூடினதுதான். பெரியவங்க சங்கதி...

— இன்னொரு பத்தியும் இருக்கு. வெட்டின அன்னிக்கே அரைச்ச லாரியில தனியா சாறு எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டே கால். அதே மண்ணு, அதே வெயில். சத்து வயல்ல குறையல மாமா. நம்ம யார்டுல நின்னு குறையுது. பழைய பாய்லர் நிக்குறதால லாரி நிக்குது.

— இதை முன்னாடியே சொல்லியிருந்தா...

— சொல்ல முடியல. போர்டுல பன்னிரண்டுன்னு இருக்கிறப்ப எவன் பாய்லரைப் பார்ப்பான்? எல்லாம் நல்லா இருக்குன்னு அந்த நம்பரே சொல்லிடுச்சு.

— கேப்பாங்களா இதை?

— தெரியாது. கேக்காமலும் போகலாம். மூடினாலும் மூடுவாங்க. ஆனா அப்பா நாளைக்கு வாய்க்காலுக்குப் போக மாட்டார்.

— சரி. பேனாவைக் குடு. எங்க கையெழுத்துப் போடணும்?

— கீழ. முதல் கோட்டுல.

— என்ன ரெண்டு கோடு போட்டிருக்க?

— ரெண்டு பேர் கையெழுத்து வேணும். ஒரு ஸ்பூனுக்கு மட்டும் கணக்கு சொன்னா பாதிதான் கழியும். மீதிப் பாதி அப்பா தலையிலயேதான் நிக்கும். அதனாலதான் நீங்க வந்ததுலேர்ந்து உங்களைக் குடைஞ்சேன்.

— இதுக்கா இவ்வளவு நேரம்? ரெண்டு ஸ்பூனும் நான்தான்னு எழுதிக்கோ. இந்த வருஷத்தோட நான் எப்படியும் ஓய்வு. எவனோ போட்டிருக்கான், பாவம், அவனும் புள்ளகுட்டிக்காரனா இருப்பான். அவனை ஏன் இழுக்கற?

— அப்படி எழுத முடியாது.

— ஏன் முடியாது? கேன்டீன்காரி ஒரு பொட்டலம்னு சொல்லிடுவாளா? நான் பேசிக்கறேன் அவகிட்ட.

— அதுக்கில்ல மாமா.

— பின்ன எதுக்கு? யாருன்னு உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டே காப்பாத்தறியா? இந்த லேபுல உன்னையும் என்னையும் தவிர அந்தக் கேனைத் தொட... பாப்பா. அந்த பாட்டில்... ஏன் பாப்பா காலியா இருக்கு?

— உங்க ஸ்பூனுக்கு அப்புறம் மெஷின் பதினொண்ணு எழுநூத்தெண்பது காட்டிச்சு. நீங்க போட்டது எனக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம்தானே, நானூறுக்குள்ள அடங்கிடும், யாரும் கேக்க மாட்டாங்கன்னு கணக்குப் போட்டுத்தான் செஞ்சேன். நாற்பத்தோரு நாள். இன்னொரு ஸ்பூன் நான் போட்டது, மாமா.