சிமினிக்குள்ளே வளர்ந்த குளவிகள்

— எல்லாத்தையும் எரிச்சிட்டேன்னு தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகிட்ட சொன்னது பொய்தாங்க ஐயா.

— எத்தினை தக்காளிச் செடியை எரிக்காமல் விட்டனீங்கள்?

— செடி ஒண்ணுகூட விடலீங்க. இலையத்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன்.

— ஐயா, அவ சொல்றத அப்படியே எழுதிக்காதீங்க. நான் இவ புருசன், மூக்கன். இந்தத் தோட்டத்துல தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுறேன். மரக்கறி போடுற நிலத்துண்டு என் பேருலதான் இருக்கு. கேஸுன்னா எனக்குத்தான் வரணும், அதான் சொல்றேன்.

— நீங்கள் கொஞ்சம் இருங்கோ, மூக்கன். பேராதனை விவசாயக் கந்தோரில இருந்து நான் ஜீப்பில வந்தது இவவின்ர வாயால கேக்கத்தான். காளியாயி அம்மா, முதல்ல இருந்து வடிவாச் சொல்லுங்கோ. பூச்சி எப்ப வந்தது?

— போன வருசம் பங்குனியிலங்க. நாங்க குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால ஓடை ஓரமா பதினாலு குடும்பத்துக்குத் தொரை ஆளுக்கொரு துண்டு குடுத்திருக்காரு. எல்லாருமே தக்காளியும் மிளகாயும்தான் போட்டிருந்தோம். கேளுங்களேன், அன்னைக்குப் பறிச்ச கொழுந்த எடை போட்டுட்டு வந்து தண்ணி ஊத்துறேன், செடி லேசா அசைஞ்சதும் மாவு தூவுன மாதிரி வெள்ளையா எந்திரிச்சுப் பறக்குது. பத்துப் பதினஞ்சு நாள்ல நுனி இலையெல்லாம் சுருண்டு மஞ்சளாப் போச்சு. செடி வளரவே இல்ல. பூ வருது, உதிருது. காயே புடிக்கல.

— அது இலைச்சுருட்டு நோய். அந்த வெள்ளை ஈதான் ஒரு செடியில இருந்து மற்றச் செடிக்குக் காவிக்கொண்டு போறது.

— அதெல்லாம் அப்ப யாருக்குத் தெரியும். மழை இல்லாததால சுருளுதுன்னு நெனைச்சோம். அப்புறம்தான் தொரைகிட்ட இருந்து கடுதாசி வந்துச்சுன்னு கணக்கப்பிள்ளை, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துல படிச்சாரு. சித்திரைக் கடைசிக்குள்ள செடி எல்லாத்தையும் புடுங்கி எரிக்கணுமாம். மறுபடி நட்டு, அதுலயும் பூச்சி கூடுச்சுன்னா, துண்டு பதினாலையும் திருப்பி எடுத்துக்கிட்டுத் தேயிலை போட்டுருவாங்களாம்.

— அதக் கேட்டு ராக்காயி அங்கேயே குந்திட்டா ஐயா. லயத்துல எங்களுக்கு அடுத்த காம்பரா வீடு. புருசன் செத்துப்போயி நாலு புள்ளைங்களோட இருக்கிறவ. அந்தத் துண்டுதான் அவளுக்குப் பாதிச் சோறு.

— விளங்குது. பிறகு எரிக்கத் தொடங்கினீங்கள்.

— புடுங்கிக்கிட்டு இருந்தேங்க. ஒரு இலையத் திருப்பிப் பார்த்தா, அடியில ரவை ஒட்டுன மாதிரி வெள்ளைப் பொட்டு. அது நடுவுல அங்கொண்ணும் இங்கொண்ணுமா கருப்பு. பூஞ்சணம்னுதான் முதல்ல நெனைச்சேன். ஆனா பூஞ்சணம் தடவினா கையில ஒட்டும், இது ஒட்டல. இலையக் கொண்டுபோயி ஐவியம்மாகிட்ட காட்டுனேன். நாங்க கொழுந்தெடுக்கப் போனா புள்ளைங்கள விட்டுட்டுப் போற பிள்ளைக்காம்பராவ அவங்கதான் பார்க்குறாங்க. புள்ளைங்க கால்ல முள்ளெடுக்க ஒரு பூதக்கண்ணாடி வெச்சிருக்காங்க.

— அதுக்குள்ளால என்ன கண்டனீங்கள்?

— வெள்ளைக் கூடு பாதி மேல கிழிஞ்சிருந்துச்சு, ஈ வெளிய போன கிழிசல். கருப்புல கிழிசலே இல்ல, சிலதுல மட்டும் ஊசியால குத்துன மாதிரி வட்டமா ஒரு ஓட்டை. பார்த்துக்கிட்டே இருக்கோம், ஒண்ணுல அந்த ஓட்டை வழியா ஒரு தலை எட்டிப் பார்க்குது. தலை கருப்பு, வயிறு மஞ்சள். ஈ இல்லீங்க அது. குளவிச் சாதி. கடுகுல கால்வாசி இருக்காது.

— அது குளவி எண்டு உங்களுக்கு என்னெண்டு தெரிஞ்சுது?

— எனக்குப் பத்து வயசு இருக்கும்போது, இலையச் சுருட்டித் திங்கிற புழு வந்து தேயிலை மலையே செவந்துபோச்சு. தொரைமாருங்க ஜாவாவுல இருந்து குளவி கொண்டாந்து விட்டாங்க. எங்கம்மா கொழுந்துக்கூடையோட நின்னு பார்த்தாங்க, நானும் பக்கத்துல நின்னேன். அந்தக் குளவி புழு ஒடம்புக்குள்ள முட்டை வெச்சிரும், குஞ்சு உள்ள இருந்தே தின்னுட்டு வரும்னு அப்பவே எல்லாரும் பேசிக்கிட்டாங்க. அடுத்த வருசம் புழு கொறைஞ்சு போச்சு. அதான் ஐயா, வெள்ளை ஈக்கும் இப்படி ஒருத்தன் இருக்கான்னு நெனைச்சேன்.

— ஓம், ஜாவாக் குளவி வந்தது உண்மைதான். ஆனா இது ஆரும் கொண்டுவந்து விட்டதில்லை.

— தானா வந்ததுதாங்க. அதான் எனக்குச் சங்கடமாப் போச்சு. எரிச்சா குளவியும் சேர்ந்து எரியும். எரிக்காம விட்டா நோவு அடுத்த செடிக்குப் போகும்.

— நான் எரிச்சிடுன்னுதான் சொன்னேன் ஐயா. கடுதாசிக்கு எதிரா நின்னு துண்டு போச்சுன்னா பதிமூணு குடும்பமும் எங்க வாசல்லதான வந்து நிக்கும்.

— அவரு பயந்ததுல தப்பில்லீங்க. எனக்கும் பயந்தான். ஆனா கேளுங்களேன், நோவு இருக்கிறது செடிக்குள்ள. குளவி இருக்கிறது இலையடியில. செடிய எரிச்சிட்டு, கருப்பு உள்ள இலைய மட்டும் வெச்சுக்கிட்டா என்னன்னு தோணுச்சு. ஞாயித்துக்கெழமை நானும் ராக்காயியும் ஐவியம்மாவும் உக்காந்து கருப்பு இலையாப் பொறுக்கி, ஈ பொரிஞ்சு வராம இருக்க அதுல இருந்த வெள்ளைப் பொட்டையெல்லாம் ஊக்கால குத்திக் குத்தி எடுத்தோம். கண்ணுல தண்ணி கொட்டிருச்சு. அப்புறம் ஏழு லாம்புக் கண்ணாடிச் சிமினிக்குள்ள இலையப் போட்டு, ரெண்டு வாயையும் துணியால இறுக்கிக் கட்டி வெச்சோம்.

— என் வேட்டித் துணி ஐயா.

— செடி பதினாலு துண்டிலயும் எரிஞ்சுதோ?

— ஒரு தூருகூட விடாம எரிச்சோம். கணக்கப்பிள்ளை நின்னு பார்த்தாரு. எல்லாத்தையும் எரிச்சாச்சான்னு கேட்டாரு, ஆமான்னேன். நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான்.

— செடியை எரிச்சது சரி, அம்மா. நோய் பிடிச்ச செடியை எந்தக் குளவியும் சுகப்படுத்தாது.

— அது எனக்கும் புரிஞ்சுதுங்க. புது நாத்துக்கு நோவு வராம இருக்கணும், அவ்வளவுதான் கேட்டேன். சிமினியில குளவி பொரிஞ்சுகிட்டே இருந்துச்சு. வைகாசியில புது நாத்து நட்டோம். ஓடையோரப் புல்பூண்டுல மிச்சமிருந்த வெள்ளை ஈ ஒண்ணு ரெண்டு வந்து உக்கார ஆரம்பிச்சுது. நான் சிமினிய அவுத்து எங்க துண்டுல விட்டேன். நாலாம் நாள் மருந்துப் பம்போட ரெண்டு ஆளு வந்து நிக்கிறாங்க.

— ஆர் அனுப்பினது?

— கணக்கப்பிள்ளைதான். பூச்சி தெரிஞ்சிருச்சு, பதினாலு துண்டுலயும் மருந்தடிக்கச் சொல்லி. மருந்து அடிச்சா என் குளவிதான் முதல்ல சாகும். நான் போயி எங்க துண்டு வாய்க்கால்ல குறுக்க நின்னுக்கிட்டேன். அவரே வந்துட்டாரு. ஐயா, நான் அவருகிட்ட சொன்னது இதான்: "பதிமூணுல அடிச்சுக்கங்க. எங்க துண்டு ஒண்ண மட்டும் விடுங்க. ஒரு மாசத்துல மத்த துண்ட விட இதுல பூச்சி கூட இருந்தா, நானே புடுங்கிப்போட்டுட்டுத் தேயிலை நட்டுத் தர்றேன்."

— ஐயா, என்னயக் கேக்காம என் துண்டப் பந்தயம் வெச்சிட்டா. ஆனா அவரு, ஒரு மாசந்தான்னு சொல்லிட்டு, பம்பு ஆளுங்கள அடுத்த துண்டுக்குத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு.

— பிறகு?

— மருந்தடிச்ச பதிமூணும் பத்து நாளைக்குச் சுத்தமா இருந்துச்சு. என் துண்டுல மட்டும் வெள்ளை. பொம்பளைங்க எல்லாம் ஓடையில தண்ணி மொண்டுகிட்டு என்னயப் பார்த்துட்டுப் போவாங்க. ராக்காயி மட்டும் பக்கத்துல வந்து நிப்பா. பதினெட்டாம் நாள் கொழுந்து எடுத்துட்டு வந்து இலையத் திருப்புறேன், கருப்பு. அடுத்த செடி, கருப்பு. ஐவியம்மாவுக்குச் சொல்லி அனுப்பாம நானே கண்ணால எண்ணுனேன், நாலுக்கு மூணு கருப்பு. அங்கேயே மண்ணுல உக்காந்து அழுதேங்க.

— மருந்தடிச்ச துண்டில?

— அதுல பூச்சி திரும்பிருச்சு ஐயா, முன்ன விட கூட. தின்ன ஆளே இல்லையே அங்க. அன்னைக்கு இவ அழுததப் பார்த்துட்டு நான்தான் முதல்ல போயி ராக்காயிகிட்ட சொன்னேன், வந்து இலைய எடுத்துக்கன்னு. அதான் சொல்றேன், அதுல எனக்கும் பங்கு இருக்கு.

— ஆமா, அவருதான் சொன்னாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா பதிமூணு வீடும் வந்துச்சு. யாருக்கும் சும்மா குடுக்கல. உக்காந்து வெள்ளையக் குத்தி எடுத்துட்டுத்தான் கொண்டுபோகணும்னேன். சுருண்ட செடி எதுல தெரிஞ்சாலும் அன்னைக்கே புடுங்கிரணும்னு சொன்னேன். செஞ்சாங்க. ஆவணியில ராக்காயி துண்டுல செடி காய் பாரம் தாங்காம படுத்துருச்சு. முதல் பழத்த அவ எங்கிட்டத்தான் கொண்டாந்தா. நான் அவ சின்ன மக கையில குடுத்தேன், நின்ன எடத்துலயே தின்னுருச்சு.

— கணக்கப்பிள்ளை என்ன சொன்னவர்?

— அவரு எங்கிட்ட வரலீங்க. ஒரு நாள் அவரு வீட்டம்மா வந்தாங்க. வாசல்ல நாலு செடி வெச்சிருக்கோம், ஒரு சிமினி கெடைக்குமான்னாங்க. குடுத்தேன். அவங்களயும் உக்கார வெச்சுக் குத்தி எடுக்க வெச்சிட்டுத்தான் குடுத்தேன்.

— உங்கட கையில இருக்கிற இலையை இஞ்ச தாங்கோ. என்ர கண்ணாடியால பாக்கிறன்.

— பாருங்க. அடியிலதான் இருக்கும். இந்த வருசத்து நாத்து இது, சிமினி இல்லாமலே வந்தது.

— ஐயா ஒவ்வொண்ணா எண்ணுறாரு. காளியாயி, நீ கொஞ்சம் தள்ளி நில்லு.

— நாப்பது கூடு இருக்கு. முப்பத்தஞ்சு கறுப்பு.

— எழுதிக்கங்க ஐயா. பொய் சொன்னது நான்தான், அதையும் எழுதிக்கங்க. ஆனா துண்ட மட்டும் எடுத்துராதீங்க, பதினாலு வீடு அதுல சாப்பிடுது.

— கேஸ் எழுத நான் வரேல்லை, அம்மா. எங்கட மருந்தை நம்பி அடிச்ச கொத்மலைப் பள்ளத்துத் தக்காளி முழுக்க இந்த வருஷம் அழிஞ்சுபோச்சு; உங்கட குளவிக் கதை கேள்விப்பட்டு, அங்க தக்காளி போட்ட பதினொரு கமக்காரர் கீழ ரோட்டில வெறும் சிமினியோட நிக்கினம், மேல வர உங்கட அனுமதி கேட்டு.